இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: வடசென்னையில் இருந்துகொண்டு தேடத் தொடங்குவது எப்படி

குப்பைமேனி இலையை உப்போடு கசக்கிச் சிரங்குக்குப் பூசிவிடும் ஆயாக்கள் தண்டையார்பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள். என் ஆயா எனக்கும் பூசியிருக்கிறார். அந்த இலையில் எது வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் செடியின் சாறு என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இலைக்குள் செடி மட்டும் இல்லை. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளிலும், நீர் ஏறும் குழாய்களிலும் பாக்டீரியா குடியிருக்கிறது. செடிக்கு நோய் எதுவும் தராமல், வெளியே தெரியாமல் வாழ்கிறது. இப்படிச் செடிக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கு எண்டோஃபைட் என்று பெயர். ஜெர்மன் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1866-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் உள்வாழ் நுண்ணுயிரி எனலாம்.

வடக்கு ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்கள் காயங்களுக்கு ஒரு கொடியை நசுக்கிப் பயன்படுத்துவார்கள். ஆய்வுக் கட்டுரையில் அதன் பெயர் கென்னடியா நைக்ரிஸ்கன்ஸ். அமெரிக்க ஆய்வாளர் கேரி ஸ்ட்ரோபெலின் குழு அந்தக் கொடியின் தண்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. அது சுரக்கும் எதிர்ப்பொருள்களுக்கு, அதாவது ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, முனும்பிசின் என்று பெயர் வைத்து 2002-இல் அறிவித்தார்கள். மக்கள் மருந்தாக நம்பிய ஒரு செடிக்குள் பாக்டீரியாவும் மருந்துப் பொருளைச் செய்துகொண்டிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு ஆயாவின் குப்பைமேனிதான் ஞாபகம் வந்தது.

நுண்ணுயிரியல் அல்லது தாவரவியல் படித்துக்கொண்டு, முதல் புராஜெக்ட்டாக, ஒரு செடிக்குள்ளிருந்து பாக்டீரியாவைப் பிரித்து அது எதிர்ப்பொருள் சுரக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். செய்முறைத் தாள் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதில் எந்த இடத்தில் நாம் ஏமாந்துபோவோம் என்பது மட்டும் எழுதியிருக்காது. இந்த வேலையில் இரண்டே கேள்விகள்தான் உண்டு. இந்தப் பாக்டீரியா உண்மையிலேயே செடிக்குள்ளிருந்து வந்ததா? சோதனைக்காக எதிரில் வைத்த எதிரிப் பாக்டீரியாவைக் கொன்றது இது சுரந்த பொருள்தானா? ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே போங்கள்.

முதலில் இடம்

வீட்டுச் சமையலறையில் செய்யக் கூடாது. செடிக்குள் சாதுவாக இருக்கும் பாக்டீரியா மனிதனுக்கும் சாது என்று அர்த்தமில்லை. சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா, பர்க்ஹோல்டேரியா போன்ற பேரினங்கள் செடிகளுக்குள்ளிருந்து வருகின்றன. அவற்றில் சில வகைகள் உடல் பலவீனமானவர்களுக்கு நோய் தரக்கூடியவை. கல்லூரி ஆய்வகம் வேண்டும். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி), லாமினார் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப் பெட்டி), பொறுப்பான ஓர் ஆசிரியர் வேண்டும். படிப்பை முடித்துவிட்டவர்கள் படித்த கல்லூரியிலேயே போய்க் கேட்டுப் பாருங்கள். மாலையில் சும்மா கிடக்கும் ஆய்வகங்கள் நிறைய.

எந்தச் செடி

பெயர் உறுதியாகத் தெரிந்த, ஆரோக்கியமான, ஒரே இடத்தில் நாலைந்து செடியாவது இருக்கும் வகையை எடுங்கள். குப்பைமேனி, துளசி, நித்தியகல்யாணி மூன்றும் தொடக்கத்துக்கு நல்லவை. தண்டையார்பேட்டைச் சந்துகளிலேயே கிடைக்கும். பால் அதிகமாக வடியும் செடியும், அரைத்தால் கொழகொழவென்று ஆகும் செடியும் முதல் தடவைக்கு வேண்டாம். பாக்டீரியா வளர அகர் கூழ் ஊற்றி வைத்த பிளேட்டில் பரப்பவே முடியாது.

கொஞ்சம் பழகிய பிறகு கடற்கரைக்குப் போகலாம். எண்ணூர் தாண்டிக் காட்டுப்பள்ளி பக்கம் மணல் மிச்சமிருக்கும் இடங்களில் அடப்பங்கொடி படர்ந்திருக்கும். பழைய பாட்டுகளில் அடும்பு என்று வருவது இதுதான். உப்பும் வெயிலும் தாங்கி நிற்கும் செடிக்குள் என்ன மாதிரிப் பாக்டீரியா இருக்கும் என்று தேடுவது நியாயமான கேள்வி. நான் முதலில் அங்கே போனபோது வேரும் வேண்டும் என்று கொடியைப் பிடித்து இழுத்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்தார். "இலைய கிள்ளிக்கோம்மா, கொடிய புடுங்காத. அது போனா மண்ணு பூடும்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். அன்றிலிருந்து ஒரு செடிக்கு இரண்டு மூன்று இலை, ஒரு விரல் நீளத் தண்டு, அதற்கு மேல் எடுப்பதில்லை. வேர் வேண்டுமென்றால் வீட்டுத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறேன்.

எண்ணூர்க் கழிமுகத்தின் வெண்கண்டல் மரங்களைப் பார்த்தால் ஆசை வரும். அலையாத்திக் காட்டில் கை வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், கல்லூரி மூலமாக எழுதிக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்த மரங்களின் வேர்களில் அப்பிக்கிடந்ததைப் பார்த்தவள் நான். அங்கே ஓர் இலையைக் கிள்ளுவதற்கும் காரணம் இருக்க வேண்டும்.

எடுத்து வருவது

புதிய ஜிப் கவர், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோல், பென்சில், சீட்டு. கவருக்குள்ளேயே செடியின் பெயர், இடம், தேதி, நேரம் எழுதிப் போடுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். தெர்மாகோல் பெட்டிக்கு ஐஸ் காசிமேட்டில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அது மீனுக்குப் போடும் ஐஸ். இலைக் கவர் அதில் நேராகப் படக் கூடாது. நடுவில் நியூஸ்பேப்பரை நாலாக மடித்து வையுங்கள். நோக்கம் குளிர வைப்பதுதான், இலை உறையக் கூடாது. கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு வந்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள்.

மேல்தோலைச் சுத்தம் செய்வது

முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. இலையின் மேல் தூசியோடு ஏராளமான பாக்டீரியா ஒட்டியிருக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கத்து இலையில் கரிப்படிவமும் சேர்ந்திருக்கும். வெளியே இருப்பது அத்தனையும் சாக வேண்டும், உள்ளே இருப்பது பிழைக்க வேண்டும்.

ஓடும் குழாய்த் தண்ணீரில் 10 நிமிடம் கழுவுங்கள். ட்வீன் 20 என்ற சோப்பு போன்ற திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் அலசினால் மெழுகுப் பூச்சுள்ள இலையிலும் கிருமிநாசினி மருந்து நன்றாகப் படியும். இதற்குப் பிறகு எல்லாமே லாமினாருக்குள். 70% எத்தனாலில் 1 நிமிடம். 2% குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இளம் இலைக்கு 2 நிமிடம், தண்டுக்கு 3, வேருக்கு 5 வரை. மறுபடி 70% எத்தனாலில் 30 விநாடி. அப்புறம் கிருமி நீக்கிய 2% சோடியம் தயோசல்பேட்டில் ஒரு முக்கு. கடைசியாகக் கிருமி நீக்கிய காய்ச்சிவடித்த நீரில் 4 அல்லது 5 முறை அலசல், ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர்.

ஹைப்போகுளோரைட் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும். போன வருடம் திறந்த பாட்டிலை நம்பாதீர்கள். புதிதாக வாங்கி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். அமிலம் எதனோடும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

இப்போது முக்கியமான வேலை. கடைசியாக அலசிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு பிளேட்டில் பரப்புங்கள். அலசிய இலையை முழுசாக இன்னொரு பிளேட்டின் மேல் அழுத்தி எடுங்கள். இந்த இரண்டு பிளேட்டிலும் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள், மனசு கேட்காவிட்டாலும். தயோசல்பேட் ஏன் என்று சிலர் கேட்பார்கள். அது மிச்சமிருக்கும் குளோரினை முறிக்கிறது. முறிக்காவிட்டால் கழுவிய நீரில் உள்ள குளோரினே அந்தப் பிளேட்டில் வளர்ச்சியைத் தடுத்துவிடும். இலை சுத்தமாகாமலேயே சுத்தமானது போலத் தெரியும். பல புராஜெக்ட் அறிக்கைகளில் இந்தப் பிளேட்டின் படம் இருப்பதில்லை. அது இல்லாத அறிக்கையை வைத்து உள்வாழ் பாக்டீரியா என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து.

மாறாக, அரைத்த இலையிலிருந்தும் எதுவுமே வரவில்லை என்றால் குளோரின் உள்ளே இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். நேரத்தை அரை நிமிடம் அரை நிமிடமாகக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் இந்தக் கணக்கு வேறு.

அரைத்துப் பரப்புவது

இலையின் வெட்டிய ஓரங்களைக் கிருமி நீக்கிய பிளேடால் நறுக்கிவிடுங்கள், மருந்து அங்கே ஊறியிருக்கும். 1 கிராம் எடுத்து, 0.85% உப்பு நீர் 9 மி.லி. விட்டுக் கிருமி நீக்கிய கல்வத்தில் அரையுங்கள். அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்த்து, ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோலிட்டர் பரப்புங்கள்.

நியூட்ரியன்ட் அகரை முழு வலுவில் போடாமல் பாதி வலுவில் போடுங்கள். சத்து அதிகமானால் பேசில்லஸ் ஒரே இரவில் பிளேட் முழுக்கப் படர்ந்து மற்றதையெல்லாம் மூடிவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வேண்டுமென்றால் ஸ்டார்ச் கேசீன் அகர் தனியாகப் போடுங்கள். பூஞ்சை வராமலிருக்க மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் நிஸ்டாட்டின் சேர்க்கலாம். வெப்பம் 28 முதல் 30 டிகிரி போதும்.

சாதாரண பாக்டீரியா 2, 3 நாளில் தெரியும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் 2, 3 வாரம் எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பொடி தூவியது போல வறண்டு, அகருக்குள் வேர் பிடித்தது போல இருக்கும், லூப்பால் எடுத்தால் சுலபத்தில் பெயராது. அவ்வளவு நாள் பிளேட் காயாமலிருக்க அகரைத் தடிமனாக, 25 மி.லி. ஊற்றி, ஓரத்தைப் பாராஃபிலிமால் சுற்றிக் கவிழ்த்து வையுங்கள். கழுவிய நீர் பிளேட்டையும் அதே அத்தனை நாளும் கூடவே வைக்க வேண்டும். மூன்றாம் நாளே பார்த்துச் சுத்தம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, மூன்றாம் வாரம் வந்த காலனியை (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியை) இலைக்குள்ளிருந்து வந்தது என்று எழுதக் கூடாது.

நிறம், ஓரம், மேடு இவற்றில் வித்தியாசமான ஒவ்வொரு காலனியையும் புதுப் பிளேட்டில் கோடிழுத்துத் தனியாக்குங்கள். மூன்று தடவை இழுத்த பிறகும் ஒரே மாதிரி வந்தால்தான் தூய கல்ச்சர், அதாவது ஒரே வகைப் பாக்டீரியா மட்டுமுள்ள வளர்ப்பு.

மோத விடுவது

முதல் கட்டச் சோதனைக்குக் குறுக்குக் கோடு முறை நல்லது. பிளேட்டின் நடுவில் உங்கள் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்து 5 நாள் வளர விடுங்கள். பிறகு அதற்குச் செங்குத்தாக, தொடாமல், எதிரிப் பாக்டீரியாவைக் கோடிழுங்கள். நடுக்கோட்டை நெருங்கும்போது எதிரி வளராமல் நின்றுவிட்டால் ஏதோ சுரக்கிறது என்று பொருள். 30, 40 கல்ச்சரில் எதைத் தொடர்வது என்று இப்படிச் செலவில்லாமல் தேர்ந்தெடுக்கலாம்.

எதிரிக்கு மருத்துவமனை மாதிரிகளைக் கேட்டு அலையாதீர்கள். பேசில்லஸ் சப்டிலிஸ், பாதுகாப்பான ஈ. கோலை கே-12 வகை இரண்டும் தொடக்கத்துக்குப் போதும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வேண்டுமென்றால் அதற்கேற்ற பாதுகாப்பு வசதியும் மேற்பார்வையும் வேண்டும். அடையாளம் உறுதியான கல்ச்சர்கள் சண்டிகரில் உள்ள எம்டிசிசி சேகரிப்பு மையத்திலிருந்து கல்லூரி மூலம் வாங்கலாம். ஈ. கோலைக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது, பல பொருள்கள் அதைத் தாண்டாது. அதனால் பேசில்லஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் வளராமல் நின்று ஈ. கோலை மட்டும் வளர்ந்தால் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

சுரந்த பொருளைத் தனியாகப் பார்ப்பது

தேர்ந்தெடுத்ததைப் பிராத் என்னும் சத்து நீரில் 3 முதல் 7 நாள் ஷேக்கரில் வளருங்கள். சென்ட்ரிஃபியூஜில் 10,000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுழற்றி, செல்கள் அடியில் தங்கிய பின் மேலே நிற்கும் மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்குங்கள். இனி அதில் உயிருள்ள செல் இல்லை. முல்லர் ஹின்டன் அகரை 4 மி.மீ. உயரத்துக்கு ஊற்றி, எதிரியை மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5-க்குச் சரிசெய்து, பஞ்சுக் குச்சியால் மூன்று திசையிலும் தடவுங்கள். அந்தக் கலங்கலில் மி.லி.க்குச் சுமார் 15 கோடி செல் இருக்கும். 6 மி.மீ. குழி வெட்டி 80 மைக்ரோலிட்டர் விட்டு, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வையுங்கள்.

மறுநாள் காலை குழியைச் சுற்றித் தெளிவான வளையம். அந்தச் சந்தோஷம் எனக்கும் தெரியும். என் முதல் வளையம் 18 மி.மீ. இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், வகுப்பிலும் சொல்லிவிட்டேன். ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிஎச் பார்த்தியாம்மா?" பார்க்கவில்லை. தாளை நனைத்தால் 4 காட்டியது. நான் பிராத்தில் குளுக்கோஸ் சேர்த்திருந்தேன், பாக்டீரியா அதை அமிலமாக மாற்றியிருந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7-க்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தேன். வளையம் இல்லை. ஒரு மாத வேலை. வெறும் புளிப்பு நீரைத்தான் அதுவரை எதிர்ப்பொருள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் இரண்டாவது கேள்வியை இப்படிக் கேளுங்கள். பாக்டீரியா போடாத வெறும் பிராத்தையும் அதே அத்தனை நாள் ஷேக்கரில் வைத்து ஒரு குழியில் விடுங்கள். பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்த மேல்நீரை ஒரு குழியில் விடுங்கள். கேட்டலேஸ் நொதி சேர்த்ததை ஒரு குழியில் விடுங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு காரணமென்றால் அது காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த ஆன்டிபயாட்டிக் டிஸ்க் (மருந்து ஊறிய தாள் வில்லை) ஒன்றையும் வையுங்கள், எதிரி சரியான எதிரிதானா என்பதற்கு. இத்தனைக்குப் பிறகும் வளையம் நின்றால் நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்படலாம். அப்புறம் 100 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கியும், புரதத்தை உடைக்கும் புரோட்டீனேஸ் கே நொதி சேர்த்தும் பாருங்கள். இரண்டிலும் செயல் போய்விட்டால் புரதமாக இருக்க வாய்ப்பு, போகாவிட்டால் சிறிய மூலக்கூறாகவோ வளைய வடிவ லிப்போபெப்டைடாகவோ (கொழுப்பு ஒட்டிய சிறு புரதத் துண்டாகவோ) இருக்கலாம்.

வளையம் பெரியதென்றால் வீரியம் பெரியது என்று அர்த்தமில்லை. பெரிய மூலக்கூறு அகருக்குள் மெதுவாகப் பரவும், அதன் வளையம் சின்னதாகவே இருக்கும்.

பிரித்தெடுப்பது

மேல்நீரோடு சம அளவு எத்தில் அசிடேட் சேர்த்துப் பிரிபுனலில் குலுக்குங்கள், அடிக்கடி காற்றைத் திறந்துவிட்டு. மூன்று தடவை. பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. மேலடுக்கைச் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வற்ற வைத்து, எடை போட்டு, மெத்தனாலில் கரையுங்கள். டிஸ்க்கில் விட்ட பிறகு முழுக்க உலர விடுங்கள். வெறும் மெத்தனால் விட்டு உலர்த்திய டிஸ்க் ஒன்றும் அதே பிளேட்டில் இருக்க வேண்டும்.

செடிகளுக்குள்ளிருந்து அடிக்கடி வருவது பேசில்லஸ்தான். அதன் சர்ஃபாக்டின், இடுரின், ஃபெஞ்சிசின் மூன்றும் லிப்போபெப்டைடுகள். பிராத்தைக் குலுக்கினால் சோப்பு நுரை போல நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மேல்நீரின் பிஎச்சை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 2-க்கு இறக்கி, இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்தால் வீழ்படிவு அடியில் தங்கும். இதில் கவனிக்க வேண்டியது, சர்ஃபாக்டின் பாக்டீரியாவின் சவ்வைக் குலைப்பது போலவே இரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். பாக்டீரியாவைக் கொல்வதெல்லாம் மருந்தாகிவிடாது. புண்ணில் தடவிப் பார்ப்பது, குடித்துப் பார்ப்பது எதுவும் கூடாது.

எவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிறது என்பதற்கு 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்து, மி.லி.க்கு 5 லட்சம் செல் கணக்கில் எதிரியை விட்டு, ரெசசூரின் சாயம் சேருங்கள். வளர்ந்த குழி இளஞ்சிவப்பாகும், தடுக்கப்பட்ட குழி நீலமாகவே நிற்கும்.

பெயரும் சட்டமும்

பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணுவைப் பெருக்கிப் படித்தால் சுமார் 1500 எழுத்துகள் கிடைக்கும். தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் பேரினம் தெரிந்துவிடும். பேசில்லஸ் சப்டிலிஸ் கூட்டத்துக்குள் எந்த இனம் என்று மட்டும் இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, கைரேஸ் மரபணுவையும் பார்க்க வேண்டும். அறிக்கையில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை.

காப்புரிமைக்குப் போவதென்றாலோ, கல்ச்சரை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றாலோ 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் நம் ஊரிலேயே, தரமணியில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

சேமிப்பும் குப்பையும்

வேலை முடிந்த பிளேட் எதுவும் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் வெளியே போகலாம்.

நல்ல கல்ச்சர் கிடைத்த அன்றே 20% கிளிசராலில் ஐந்தாறு குப்பிகளாகப் போட்டு உறைய வையுங்கள். பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் சில வகைகள் சுரப்பதையே நிறுத்திவிடும். குப்பியின் மேல் எண் மட்டும் போதாது. செடி, இடம், தேதி, எந்த நாள் கழுவிய நீர் பிளேட் இதற்குச் சாட்சி என்பதும் நோட்டில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் வேலை செய்த ஆய்வகத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரீசர் உருகி, அடப்பங்கொடியிலிருந்து எடுத்த 14 கல்ச்சரும் போயின. இப்போது குப்பிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எங்கள் ஃப்ரீசரிலும் மறு பாதியைப் பெரம்பூர்ப் பக்கம் வேறொரு கல்லூரியில் இருக்கும் தோழியின் ஃப்ரீசரிலும் வைக்கிறேன். அவளுடைய குப்பிகளில் பாதி என்னிடம் இருக்கின்றன.